பிரம்பை வைத்துவிட்ட பின்னர்: புதிய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பெருந்தெருவில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கனகராயன்குளம். குளத்தின் பெயரே ஊரின் பெயருமாயிற்று. அப்பெயரையே தாங்கிய கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. வயலும் காடும் சூழ்ந்த இத்தகைய வன்னி ஊர்களின் பாடசாலைகளுக்குப் புதிய ஆசிரியர்கள் நியமனம் பெற்று வருவதுண்டு. அவர்களிற் சிலர் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற நிலையங்களிற் பயின்று வந்தவர்கள். வேறு சிலர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று நேரே வகுப்பறைக்கு வந்தவர்கள். காலை ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்குமுன் பேருந்தில் வந்திறங்கும் இவர்களின் கையிற் பாடக்குறிப்பு இருக்கின்றது. நெஞ்சில் ஒரு கலக்கமும் இருக்கின்றது.

அது பாடத்தைப் பற்றிய கலக்கமன்று. கணிதத்தையும் தமிழையும் அவர்கள் நன்கு கற்றே வந்திருக்கின்றனர். முப்பது பிள்ளைகள் ஒரே சமயத்திற் பேசத் தொடங்கினால் என்ன செய்வது? ஒருவன் இடம்விட்டு எழுந்து ஓடினால் என்ன செய்வது? கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுந்தால் என்ன செய்வது? இவையே அவர்களை வாட்டும் வினாக்கள்.

இவ்வினாக்களுக்கு நம் முன்னோர் கைக்கொண்ட விடை மிகச் சுருக்கமானது. பிரம்பு ஒன்று மேசைமேற் கிடந்தாற் போதும் என்று அவர்கள் எண்ணினர். அவ்விடை இன்று செல்லாது. செல்லாதென்பதை ஒப்புக்கொண்ட பலரும் அதற்கு ஈடாக எதைக் கொள்வதென்று அறியாது தவிக்கின்றனர். பிரம்பை வைத்துவிட்ட கையில் வேறொன்றும் இல்லையேல் வகுப்புச் சந்தைக்கடையாகும். சில மாதங்களில் அந்தக் கை மீண்டும் பிரம்பைத் தேடும். ஆதலால், பிரம்புக்குப் பின்னர் என்ன என்ற கேள்வியை ஆராய்வது ஆசிரியருக்கு மட்டுமன்றி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய விஷயம் என்பது நம் கருத்து.

சட்டமும் ஊர்ப்பேச்சும்

1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 1991ஆம் ஆண்டில் இணைந்தது. பாடசாலை ஒழுங்குமுறை பிள்ளையின் மனித மாண்புக்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும் என அச்சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை கூறுகின்றது. நம் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல்தண்டனையை விலக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அவ்விலக்கை மீண்டும் வலியுறுத்தியது.

இவை ஏட்டளவில் நிற்பன என்று எண்ணியிருந்தோருக்கு 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உயர் நீதிமன்றம் விடை கூறிற்று. ஆசிரியர் ஒருவர் அறைந்தமையாற் காதின் கேள்விப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை வழக்கு அது. கொடூரமான, இழிவான நடத்துகையிலிருந்து காக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடாகச் செலுத்துமாறு பணிக்கப்பட்டது.

சட்டம் இவ்வாறிருக்க, ஊர்ப்பேச்சு வேறாக இருக்கின்றது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி இன்னும் வழங்குகின்றது. "சேர், கண்ணை மட்டும் விட்டுப்போட்டு அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று தம் மகனை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் தந்தையர் இன்றும் உளர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. தம் பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற ஆசையையே அவர்கள் தாம் அறிந்த மொழியிற் கூறுகின்றனர். "நாங்கள் அடி வாங்கித்தான் ஆளானோம்" என்பதும் அவர்களின் வாதம்.

அவ்வாதத்தைச் சிறிது ஆராய்வோம். அடியைத் தாங்கிப் பாடசாலையில் நின்றவர்களே பின்னாளில் உத்தியோகம் பெற்று அவ்வாறு பேசுகின்றனர். அடிக்கு அஞ்சிப் பாடசாலையை விட்டு விலகியவர்கள் அந்தச் சபையில் இல்லை. அவர்கள் கதையைக் கேட்பாரும் இல்லை. வன்னியில் ஒரு பையன் பாடசாலைக்கு வாராதிருக்க ஆயிரம் வழிகள் உண்டு. வயலில் வேலை இருக்கின்றது. மாடு மேய்க்க ஆள் வேண்டியிருக்கின்றது. தெருவோரக் கடையிற் கையாள் தேவைப்படுகின்றது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என 2016ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டபோதிலும், அஞ்சும் பிள்ளையைச் சட்டத்தால் மட்டும் வாங்கில் இருத்த முடியாது. அடித்து நிலைநாட்டிய அமைதியிற் சில வாங்குகள் வெறுமையாகிவிடுவதை நாம் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

திண்ணையும் மணலும்

பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் கடுந்தண்டனைகள் வழங்கின என்பது உண்மை. பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் "கோதண்டம்" என்ற தண்டனையின் பெயரை மூத்தோர் கேட்டிருப்பர். எனினும் அத்திண்ணையில் உலகம் கற்றுக்கொண்ட ஒரு நற்பாடமும் இருந்தது. அதனை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கென அமைந்த ஆண்கள் பாடசாலைக்கு அன்றூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் மேற்பார்வையாளரானார். ஆசிரியர்கள் ஊக்கமின்றிக் கற்பித்தனர். பிள்ளைகள் எழுத்தறியாது இருந்தனர். அக்காலத்தில் உள்ளூர்ப் பள்ளியொன்றைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் தரையிலே பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். ஒருவன் எழுத மற்றவர் அதனைப் பார்த்து எழுதினர். தெரிந்தவன் தெரியாதவனுக்குக் காட்டினான். பெல் அம்முறையைத் தம் பாடசாலையிற் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே ஜோன் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் சிறு பிள்ளைகளின் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று. 1797ஆம் ஆண்டில் பெல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வழியாக இம்முறை "மதராஸ் முறை" என்ற பெயருடன் பல நாடுகளுக்கும் பரவியது.

அங்கே பிரம்பு செய்யாத வேலையை மணல் செய்தது. ஒவ்வொரு பிள்ளையின் விரலுக்கும் ஒரு வேலை இருந்தது. பிழைத்தால் அழித்து மீண்டும் எழுதலாம். வேலையுள்ள பிள்ளைக்குக் குழப்படி செய்ய நேரமில்லை.

இதன் மறுபுறத்தையும் கூறுதல் நியாயம். ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் இத்தகைய பாடசாலையொன்றை நடாத்திய யோசேப்பு லங்காஸ்டர் பிரம்பை வெறுத்தவர். ஆயினும் பிரம்புக்குப் பதிலாக அவர் பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கூடையிலே வைத்து உயரத் தூக்கிப் பிறர் நகைக்கச் செய்தார். அடியை விட்டு அவமானத்தைக் கைக்கொள்வது முன்னேற்றமாகாது. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பின் நடுவே கூறும் சொல் பிரம்படியினும் நெடுநாள் நோகும். அன்றியும், மாடு மேய்த்துப் பிள்ளையைப் படிப்பிக்கும் தந்தையர் உள்ள ஊரில் அச்சொல் இருமடங்கு தவறானது.

குற்றத்துக்கு முன்னரா, பின்னரா?

ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது, "பிள்ளை பிழை செய்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?" என்றே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். இக்கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர். பல்கலைக்கழக வகுப்பொன்றில் அவர் பாடம் நடாத்துகையில் மாணவன் ஒருவன் பத்திரிகையை விரித்து வாசித்துக்கொண்டிருந்தான். அவனை அவர் கடிந்துகொண்டார். கடியப்படாத ஏனையோரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். ஒருவனுக்குக் கூறிய சொல் குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல மற்றவரையும் தொட்டமை அவரைச் சிந்திக்க வைத்தது.

எவ்வகையான கண்டிப்புச் சிறந்தது என்றறிய அவர் பல ஆண்டுகள் முயன்றார். வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டில் தம் முடிபை நூலாக வெளியிட்டார். அம்முடிபு அவரையே வியப்பிலாழ்த்தியது. பிழை நேர்ந்த பின்னர் ஆசிரியர் கடுமையாகப் பேசினாரா, மென்மையாகப் பேசினாரா என்பதால் வகுப்பின் ஒழுங்கு வேறுபடவில்லை. அடங்கிய வகுப்புக்கும் அடங்காத வகுப்புக்கும் உள்ள வேற்றுமை, பிழை நேருமுன்னரே ஆசிரியர் செய்தவற்றில் இருந்தது. நல்ல ஆசிரியருக்கு வகுப்பின் நாற்புறமும் கண் இருந்தது. குழப்பம் முளைவிடும்போதே அவர் கண்டுகொண்டார். ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்திக்கொண்டே மற்றவர்களையும் கவனித்தார். பாடம் இடையில் நிற்காமல் ஓடியது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குச் செல்லும் இடைவெளி குறுகியதாக இருந்தது.

வயல் செய்வோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. வரம்பை முன்னரே கட்டியவன் மழை வரும்போது மண்வெட்டியுடன் ஓடுவதில்லை.

முதல் வாரத்திற் செய்ய வேண்டியவை

பிழை நேருமுன்னர் புதிய ஆசிரியர் கட்டவேண்டிய அந்த வரம்புகள் யாவை?

முதலாவது, பெயர். முதல் வாரம் முடியுமுன் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளின் பெயரையும் ஆசிரியர் மனத்திற் பதித்தல் வேண்டும். "ஏய், நீல நாடா" என்று அழைக்கப்படும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் மானமில்லை; மானமில்லாத இடத்தில் ஒழுங்குமில்லை. இருக்கை ஒழுங்கைத் தாளில் வரைந்து, இடாப்புக்கு அருகில் வைத்துக்கொண்டால் மூன்று நாளிற் பெயர்கள் வந்துவிடும்.

இரண்டாவது, தொடக்கம். எட்டுப் பாடவேளைகள் கொண்ட நாளில் ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் வீணானால் நாளொன்றுக்கு 40 நிமிடம் போய்விடும். அது ஒரு முழுப் பாடவேளை. ஐந்து நாளில் ஐந்து பாடவேளை. இதனைத் தடுக்க எளிய வழி உண்டு. பிள்ளைகள் கொப்பியைத் திறந்தவுடன் செய்யத்தக்க சிறு வேலையொன்று கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கட்டும். இரண்டு கணக்குகள், அல்லது நேற்றைய பாடத்திலிருந்து ஒரு வினா போதும். ஆசிரியர் இடாப்புக் கூப்பிட்டு முடிக்குமுன் வகுப்பு வேலையில் இறங்கியிருக்கும்.

மூன்றாவது, விதிகள். நீண்ட பட்டியல் வேண்டா. மூன்று அல்லது நான்கு போதும். "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம், பேச விரும்பினால் கையுயர்த்துவோம், பிறர் பொருளைக் கேளாது எடுக்கமாட்டோம்" என்பன போன்றவை தகும். இவற்றைப் பிள்ளைகளுடன் பேசியே வகுத்தால் அவை அவர்களுடைய விதிகளாகும். வகுத்தபின் கற்பித்தலும் வேண்டும். வரிசையில் நிற்பதும், கொப்பிகளைச் சேர்ப்பதும், குழுவாகப் பிரிவதும் தாமே வருவனவல்ல. பெருக்கல் வாய்ப்பாடுபோல அவற்றையும் பழக்கவேண்டும்.

நான்காவது, குரல். "சத்தம் போடாதீர்கள்!" என்று உரத்துக் கூவும் ஆசிரியர் தாமே வகுப்பின் பெருஞ் சத்தமாகின்றார். அமைதி வேண்டின் ஒரு குறிப்பை நிலைநாட்டுதல் நன்று. கையை உயர்த்தி நின்று, எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்து, பின்னர் மெல்லப் பேசினால் பிள்ளைகள் செவிசாய்ப்பர்.

ஐந்தாவது, பொறுமை. மேரி பட் றோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஆசிரியர்கள் வினா எழுப்பும் முறையை ஆராய்ந்தார். வினவிய பின்னர் விடைக்காக ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருந்தனர். அதனை மூன்று விநாடி அல்லது அதற்கு மேலாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். வகுப்பை அடக்கவேண்டிய அவசியமும் குறைந்தது. இவ்வாராய்ச்சி 1974ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூன்று விநாடி காத்திருக்கப் பணமும் வேண்டா, கருவியும் வேண்டா.

இத்தனைக்கும் மேலாக, பாடம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அடுத்து என்ன செய்வதென்று ஆசிரியர் புத்தகத்தைப் புரட்டித் தேடும் அந்த அரை நிமிடத்திலேயே குழப்படி பிறக்கின்றது. விரைவில் முடிப்போருக்கு ஒரு மேலதிக வேலையும், பின்தங்குவோருக்கு ஓர் எளிய படியும் முன்னரே வகுத்து வைத்திருப்பவர் பெரும்பாலான தொல்லைகளிலிருந்து தப்பிவிடுவார்.

பிழை நேர்ந்தபோது

இவ்வளவு செய்த பின்னரும் பிழைகள் நேரும். பிள்ளைகள் பிள்ளைகளே. அப்போது சிறிய பிழைக்குச் சிறிய மருந்து என்ற முறையை ஆசிரியர் கைக்கொள்ளல் நன்று. முதலில் ஒரு பார்வை. அது போதாதாயின், பாடத்தை நிறுத்தாமலே அப்பிள்ளையின் அருகிற் சென்று நிற்றல். அதுவும் போதாதாயின், "தம்பி, மூன்றாவது கணக்கைத் தொடங்கு" என்று செய்யவேண்டியதை மெல்லிய குரலிற் கூறுதல். "ஏன் பேசுகிறாய்?" என்ற கேள்விக்கு விடை கிடையாது, அது வாக்குவாதத்துக்கே வழிகாட்டும்.

பெரியதொரு பிழையாயின் வகுப்பின் முன்னிலையில் விசாரணை வேண்டா. பதின்மூன்று வயதுப் பையனை நண்பர்கள் முன்னிலையில் மடக்கினால் அவன் பணிவதிலும் எதிர்த்து நிற்பதையே தேர்ந்தெடுப்பான். இடைவேளையில் தனியே அழைத்து, "என்ன நடந்தது? அதனால் யாருக்கு நட்டம்? அதை எப்படிச் சரிசெய்யப் போகிறாய்?" என்று கேட்கலாம். சுவரில் கிறுக்கியவன் சுவரைத் துடைக்கட்டும். தங்கையொத்த பிள்ளையை அழவைத்தவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். செய்த பிழைக்கும் பெறும் விளைவுக்கும் தொடர்பிருப்பதைப் பிள்ளை தானே காணவேண்டும்.

சில வழக்கங்களை அடியோடு விடுதல் வேண்டும். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டித்தல் நீதியன்று. குற்றமற்ற பிள்ளைகள் ஆசிரியரின் பக்கத்தை விட்டு விலகிவிடுவர். "நூறு தடவை எழுது" என்ற தண்டனை எழுதுவதையே வெறுக்கச் செய்யும். முழங்காலில் நிறுத்துதலும் வெயிலில் நிறுத்துதலும் பிரம்பின் உடன்பிறப்புகளே. செய்யமுடியாத பயமுறுத்தல்களையும் தவிர்க்கவேண்டும். "இனிமேல் வகுப்புக்கே வராதே" என்று கூறிவிட்டு மறுநாள் அவனுக்குப் பாடம் நடாத்தும் ஆசிரியரின் சொல்லுக்கு விலை குறைந்துவிடும்.

பாராட்டும் அளவறிந்து வழங்கவேண்டியது. "கெட்டிக்காரன்" என்ற பொதுச்சொல்லிலும், "இன்று நீ படத்துக்கு அளவுகளைத் தவறாமற் குறித்திருக்கிறாய்" என்ற சொல் பிள்ளைக்கு வழிகாட்டும். வாரத்தில் ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையும் இத்தகைய சொல்லொன்றைக் கேட்கவேண்டும். எப்போதும் குழப்படி செய்பவன் எனப் பெயரெடுத்த பிள்ளை அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கும் வேளையை ஆசிரியர் தேடிக் கண்டுபிடித்தல் வேண்டும். அவனுக்கு அது பெரும்பாலும் புது அனுபவமாக இருக்கும்.

வன்னிப் பிள்ளையின் பின்னணி

மேலே கூறியவை எந்த ஊர் வகுப்பறைக்கும் பொருந்தும். கனகராயன்குளம் போன்ற ஊருக்கு வரும் ஆசிரியர் இன்னும் ஒன்றை அறிந்து வருதல் வேண்டும்.

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய "ஜயசிக்குறு" இராணுவ நடவடிக்கை இப்பெருந்தெருவைக் குறித்தே நடந்தது. தெருவோர ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதுமே பெயர்ந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபோது உயிர்தப்பியோருட் பெரும்பாலோர் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேயே மூடப்பட்டது.

போர் தின்ற பிள்ளைப்பருவம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேர்ட் முதலியோர், இலங்கையிற் போரினாற் பாதிக்கப்பட்ட மாகாணங்களின் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். தமிழ் உளவளத்துணையாளர்களே பிள்ளைகளைச் சந்தித்துப் பேசினர். குண்டுவீச்சு, எறிகணை, நெருங்கியோரின் சாவைக் காணல் போன்ற கொடிய அனுபவங்களுக்கு நூற்றுக்கு 92 பேர் உள்ளாகியிருந்தனர். நூற்றுக்கு 25 பேரிடம் மனவடு நோயின் குறிகள் இருந்தன. மனவடு ஞாபகசக்தியையும் அன்றாட வாழ்வையும் தாக்கியிருந்தது.

அப்பிள்ளைகள் இன்று பெற்றோராகும் வயதினர். இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் போருக்குப் பின்னர் பிறந்தவர்கள். அவர்கள் எறிகணையைக் கேட்டதில்லை. ஆனால் எறிகணையைக் கேட்டவர்களின் வீட்டிலே வளர்கின்றனர். வீட்டுக்குத் திரும்பாத ஒருவரின் படம் சுவரிலே தொங்கும் வீடுகள் உண்டு. தாய் தனியே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் உண்டு. இதன்மேல் 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடி வந்தது. எழுத்தறியும் பருவத்தில் வகுப்பை இழந்த பிள்ளைகளும் இவர்களிடையே உளர்.

ஆதலால், ஒரு பிள்ளை வகுப்பில் உறங்கினால் ஆசிரியர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "காலையிற் சாப்பிட்டாயா?" என்பதே. வீட்டுவேலை செய்துவராத பிள்ளையின் வீட்டில் மேசை உண்டா, மாலையில் அவன் தம்பியைப் பார்த்துக்கொள்பவனா என்பதை அறிதல் வேண்டும். திடீர் ஒலிக்கு நடுங்குபவளும், சிறு சொல்லுக்குச் சீறுபவனும், வாசிக்கத் தெரியாமையை மறைக்கவே கோமாளித்தனம் செய்பவனும் ஒரே மருந்தாற் குணமடையார். காரணமறிந்தவுடன் விதியைத் தளர்த்திவிடுதல் வேண்டுமென்று நாம் கூறவில்லை. துன்பமுற்ற பிள்ளைக்கு ஒழுங்கான நாளும், மாறாத சொல்லும், நேற்றிருந்தவராகவே இன்றும் இருக்கும் ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளினும் அதிகமாக வேண்டும். வீட்டில் நாளை என்னாகுமென்று அறியாத பிள்ளைக்கு, எட்டாம் மணியடிக்குமுன் என்ன நடக்குமென்று தெரிந்த வகுப்பறை ஒரு நிழல்.

எல்லாச் சுமையையும் புதிய ஆசிரியர் தனியே தூக்கவேண்டியதில்லை. அதிபர், பகுதித் தலைவர், உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஆகியோரின் உதவியை நாடுதல் இழிவன்று. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நேர்வதாக ஐயம் எழுந்தால் மறைத்தல் தகாது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அதற்கெனவே உள்ளது.

நன்னூல் காட்டும் நிறைகோல்

பவணந்தி முனிவரின் நன்னூலைப் படித்த மாணாக்கர், அதன் பாயிரத்தில் மாணாக்கரின் வகைகள் கூறப்படுவதை அறிவர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் முதல் நீரைத் தங்கவிடாத ஓட்டைக்குடம் வரை அங்கே உவமைகள் உண்டு. "இவன் ஓட்டைக்குடம்" என்று பிள்ளையைச் சுட்ட நாம் இப்பகுதியை நினைப்பதுண்டு. ஆயின் அதே பாயிரம் ஆசிரியரையும் நிறுத்துப் பார்க்கின்றது. நிலம்போற் பொறுமையும், நிறைகோல்போல் நடுவுநிலைமையும் அவருக்கு வேண்டுமென்கிறது. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்குமட்டை சூழ்ந்த அப்பனையில் எவரும் ஏற முடியாது. பழம் தானே விழுந்தாலன்றிக் கிடையாது. அணுகமுடியாத ஆசிரியரிடம் கல்வியும் அவ்வாறே.

வன்னியிலே மடற்பனையைக் காணாத பிள்ளையில்லை. வகுப்பில் அமைதியை விரும்பித் தம்மைச் சுற்றிக் கருக்குமட்டையை வளர்த்துக்கொள்ளும் புதிய ஆசிரியர், ஐயம் கேட்க வரும் பிள்ளையையும் அதே மட்டை கிழிக்குமென்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வீட்டாருக்கும் மாணவருக்கும்

ஆசிரியர் எவ்வளவு முயன்றாலும் வீடு எதிர்த்திசையில் இழுத்தால் பயனில்லை. "அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று கூறும் பெற்றோர், அதற்குப் பதிலாக, "பிள்ளை எதிலே பின்தங்குகிறான்? வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்பார்களாக. குறை சொல்வதற்கு மட்டுமே பெற்றோரை அழைக்கும் வழக்கத்தை ஆசிரியரும் விடுவாராக. பிள்ளை ஒரு நற்செயல் செய்தபோது அனுப்பும் சிறு குறிப்பு, பின்னர் ஒரு குறையைக் கூறவேண்டி வரும்போது அவ்வீட்டின் கதவைத் திறந்து வைக்கும். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று அடி வாங்கினாயா?" என்று கேட்பதை விடுத்து, "இன்று எதைப் புதிதாகக் கற்றாய்? எது விளங்கவில்லை?" என்று கேட்கலாம்.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். புதிதாக வந்திருக்கும் ஆசிரியரோ ஆசிரியையோ உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவராயிருக்கலாம். உங்கள் ஊரின் வெயிலும் தண்ணீரும் அவருக்குப் புதியவை. அவரைச் சோதித்துப் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் வகுப்பைத் தாங்கமாட்டாமல் அவர் இடமாற்றம் கேட்டுச் சென்றுவிட்டால், அவருடைய பாடத்துக்கு அடுத்த ஆசிரியர் வரும்வரை வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கப்போவது நீங்களே. தூரத்து ஊர்ப் பாடசாலைகளில் இது எத்தனை மாதம் நீளுமென்பதை உங்கள் அண்ணன்மாரையும் அக்காமாரையும் கேட்டால் அறியலாம்.

பிரம்பைக் கீழே வைப்பது ஒரு நாளிற் செய்யக்கூடிய காரியம். அதன் இடத்தை நிரப்பும் பழக்கங்கள் வேரூன்ற ஒரு தவணையேனும் வேண்டும். அத்தவணை முடியுமட்டும் புதிய ஆசிரியருக்குப் பொறுமை காட்டுதல் அதிபருக்கும், பெற்றோருக்கும், வகுப்புக்கும் உரிய கடமையாகும்.